மாணவர்களே நடுவர்கள்

பிரான்சு நாட்டில் செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறக்கின்றன. அதையடுத்து, நாட்டின் பல பகுதிகளில் உள்ள ஏறக்குறைய 50 வகுப்பறைகளுக்குப் புத்தகப் பெட்டிகள் வந்து சேர்கின்றன. அவை பாடநூல்கள் அல்ல. பதின்ம வயதினருக்கென்று எழுதப்பட்ட கதைகளும் அல்ல. அந்த ஆண்டில் பெரியவர்களுக்காக வெளிவந்த புதிய நாவல்கள். 15 முதல் 18 வயது வரையிலான சுமார் 2,000 மாணவர்கள் அவற்றைப் படிக்க வேண்டும், விவாதிக்க வேண்டும், ஆண்டு முடிவதற்குள் வாக்களித்து ஒரே ஒரு நாவலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படித் தேர்ந்தெடுக்கப்படும் நாவலுக்குக் கிடைப்பதே 'மாணவர் கொன்கூர் விருது'.

கொன்கூர் என்பது பிரான்சின் மிகப் புகழ்பெற்ற இலக்கிய விருது. 1903ஆம் ஆண்டிலிருந்து வழங்கப்பட்டு வருகிறது. 10 எழுத்தாளர்கள் கொண்ட குழு பாரிஸ் நகரில் உள்ள துருவான் என்னும் உணவகத்தில் கூடி முடிவெடுக்கும். பரிசுத்தொகை எவ்வளவு தெரியுமா? 10 யூரோ மட்டுமே! ஆனால், விருது பெற்ற நாவல் பிறகு இலட்சக்கணக்கில் விற்பனையாகும். எனவே, அந்தப் பத்துப் பேரின் தீர்ப்புக்காக எழுத்தாளர்களும் பதிப்பாளர்களும் ஆண்டுதோறும் காத்திருப்பார்கள்.

1988ஆம் ஆண்டில் ஒரு மாற்றம் வந்தது. நாட்டின் மேற்கே, பிரித்தானி வட்டாரத்தில் உள்ள ரென் நகரில், ஃப்னாக் என்னும் புத்தகக் கடை நிறுவனமும் கல்வித்துறையும் சேர்ந்து ஒரு திட்டத்தைத் தொடங்கின. கொன்கூர் குழு ஆண்டுதோறும் ஒரு முதல் பட்டியலை வெளியிடும். அதில் ஏறக்குறைய 15 நாவல்கள் இருக்கும். அதே பட்டியலை மாணவர்களிடமும் கொடுத்தால் என்ன? அவர்களும் படித்துத் தங்கள் முடிவைச் சொல்லட்டுமே என்பதுதான் திட்டம். பட்டியல் ஒன்று, நடுவர் குழு இரண்டு. இதனால்தான் இவ்விருது மற்ற மாணவர் விருதுகளைவிடக் கூடுதலாகக் கவனிக்கப்படுகிறது. பெரியவர்களின் தீர்ப்பையும் இளையர்களின் தீர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறதல்லவா?

முதல் ஆண்டில் இரு குழுக்களும் ஒரே நாவலைத் தேர்ந்தெடுத்தன. எரிக் ஓர்சென்னா எழுதிய 'காலனியக் கண்காட்சி' என்னும் பொருள்படும் நாவல் அது. 1995ஆம் ஆண்டிலும் அப்படியே நடந்தது. இரண்டு விருதுகளையும் ஆந்திரேய் மக்கீன் பெற்றார். மாணவர்கள் பெரியவர்களைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள் என்று இவ்விரண்டை மட்டும் வைத்து எவரேனும் சொல்லிவிடலாம். பிந்திய ஆண்டுகளைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. 2016இல் மாணவர்கள் கயேல் ஃபாய் என்பவரின் முதல் நாவலைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் அதுவரை ராப் பாடகராக அறியப்பட்டவர். புருண்டி நாட்டில் வளரும் ஒரு சிறுவனின் வாழ்க்கைக்குள் போர் புகுந்துவிடுவதை அந்நாவல் சொல்கிறது. 2018இல் தவீத் தியோப்பின் நாவலுக்கு வாக்களித்தார்கள். முதல் உலகப் போரில் பிரான்சுக்காகப் போரிட்ட செனகல் நாட்டுப் படைவீரனின் கதை அது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு 2021ஆம் ஆண்டில் அனைத்துலக புக்கர் பரிசு கிடைத்தது. மாணவர்கள் அந்நாவலை மூன்று ஆண்டுகளுக்கு முன்பே தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

மாணவர்கள் எப்படி முடிவுக்கு வருகிறார்கள்? இதைச் சற்று விரிவாகப் பார்க்கலாம்.

படிப்பதற்குக் கிடைப்பது ஏறத்தாழ இரண்டு மாதங்கள். 15 நாவல்களை 60 நாள்களில் முடிக்க வேண்டுமானால், ஒரு நாவலுக்கு நான்கு நாள்கள்தான். வழக்கமான பாடங்கள், வீட்டுப்பாடம், தேர்வு எல்லாம் இதற்கு நடுவே நடக்கும். பங்கேற்பவர்கள் இலக்கியம் பயிலும் மாணவர்கள் மட்டும் அல்லர். தொழில்நுட்பப் பள்ளிகளிலும் தொழிற்கல்விப் பள்ளிகளிலும் பயில்பவர்களும் இருக்கிறார்கள். அதற்குமுன் ஒரு முழு நாவலைக்கூடத் தாமாக விரும்பிப் படித்திராதவரும் அவர்களுள் இருக்கலாம். எல்லாராலும் எல்லாவற்றையும் படித்து முடிக்க முடிவதில்லை. அதனால் நண்பர்கள் தமக்குள் பகிர்ந்துகொண்டு படிப்பார்கள். "இதைக் கட்டாயம் படி", "அது முதல் 50 பக்கம் மெதுவாகப் போகும், விட்டுவிடாதே" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். ஆசிரியர் வழிகாட்டுவார், ஆனால், எது சிறந்தது என்று அவர் சொல்லக்கூடாது. இடையில், எழுத்தாளர்கள் வெவ்வேறு நகரங்களுக்கு வந்து மாணவர்களைச் சந்திப்பார்கள். "ஏன் இப்படி முடித்தீர்கள்?" என்று எழுத்தாளரிடமே நேரில் கேட்கும் வாய்ப்பு அது.

பிறகு வகுப்பில் விவாதம் நடக்கும். ஒவ்வொரு வகுப்பும் தனக்குப் பிடித்த மூன்று நாவல்களைத் தேர்ந்தெடுக்கும். "எனக்குப் பிடித்திருந்தது" என்று சொல்வது எளிது. ஏன் பிடித்தது என்று பக்கத்தில் இருப்பவர் கேட்டால்தான் சிக்கல் தொடங்கும். கதைமாந்தரின் மீது இரக்கம் வந்ததாலா, மொழிநடையாலா, இதுவரை அறியாத ஒரு நாட்டைப் பற்றி அறிந்ததாலா? நூல் சிறியதாக இருந்ததாலும் பிடித்திருக்கலாம்! அதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். தம் கருத்தை மற்றவர் ஏற்க வேண்டுமானால், நூலைத் திறந்து, இந்தக் காட்சியைப் பாருங்கள், இந்த உரையாடலைப் படியுங்கள் என்று காட்ட வேண்டும். எதிர்க்கருத்து உடையவரும் அதே நூலைப் படித்தவர் என்பதால், பொத்தாம்பொதுவாகப் பேசித் தப்பிக்க முடியாது.

வகுப்பு தன் பேராளர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து வட்டாரக் கூட்டத்துக்கு அனுப்பும். அங்கு வெவ்வேறு பள்ளிகளின் பேராளர்கள் கூடித் தங்கள் வகுப்பின் தேர்வை முன்வைத்து வாதிடுவார்கள். அவர்களிலிருந்து சிலர் இறுதிச் சுற்றுக்கு ரென் நகருக்குச் செல்வார்கள். அக்கூட்டம் மூடிய கதவுக்குள் நடைபெறும்.

பேராளரின் நிலையைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். அவர் தமக்கு மிகவும் பிடித்த நாவலுக்காக அங்கே செல்லவில்லை. 30 நண்பர்கள் சேர்ந்து தேர்ந்தெடுத்த நாவலுக்காகச் செல்கிறார். ஒருவேளை, அவர் தம் வகுப்பில் அதை எதிர்த்து வாக்களித்தவராகக்கூட இருக்கலாம். வட்டாரக் கூட்டத்தில் வேறொரு பள்ளியின் பேராளர் எடுத்துரைக்கும் காரணங்கள் வலுவாக இருந்தால், அவர் மனத்தை மாற்றிக்கொள்ளலாமா? மாற்றிக்கொண்டால் வகுப்பு நண்பர்களுக்கு என்ன பதில் சொல்வார்? மாற்றிக்கொள்ளவே மாட்டேன் என்றால், விவாதம் எதற்கு? இதற்கு எல்லாரும் ஏற்கும் விடை எதுவும் இல்லை. நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் இதே சிக்கல் உண்டு.

2020ஆம் ஆண்டை இங்குத் தனியாகக் குறிப்பிட வேண்டும். கொவிட்-19 கிருமிப்பரவலால் அந்த ஆண்டு நவம்பர் மாதத்தில் பிரான்சில் புத்தகக் கடைகள் மூடப்பட்டன. கடைகளுக்கு ஆதரவாகக் கொன்கூர் குழு தன் அறிவிப்பை நவம்பர் 30ஆம் நாளுக்குத் தள்ளிவைத்தது. அவ்விருது எர்வே லெ தெலியே எழுதிய நாவலுக்குக் கிடைத்தது. இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 2ஆம் நாள், மாணவர்களின் முடிவு வெளிவந்தது. அவர்கள் தேர்ந்தெடுத்தது கெமரூன் நாட்டு எழுத்தாளர் ஜயிலி அமாடு அமாலின் நாவல். 'பொறுமையற்ற பெண்கள்' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். முதலில் வேறொரு தலைப்பில் கெமரூனில் வெளியான அந்நூலைப் பிரான்சில் கொண்டுவந்தது ஒரு சிறிய பதிப்பகம்.

ஆப்பிரிக்காவின் ஃபுலானி சமூகத்தைச் சேர்ந்த மூன்று பெண்களின் கதை அது. 17 வயது ரம்லா மேற்படிப்புப் படித்து மருந்தாளுநராக விரும்புகிறாள். ஆனால், குடும்பத்தார் அவளை வயதில் மூத்த ஒரு செல்வருக்கு மணமுடித்துவைக்கிறார்கள். அவளுடைய சகோதரி ஹிந்து, தான் அஞ்சும் உறவுக்காரனை மணக்க வேண்டியதாகிறது. மூன்றாமவர் சஃபிரா, அந்தச் செல்வரின் முதல் மனைவி. தம் வீட்டுக்குள் வந்த இளம்பெண்ணைப் பகையாக நினைக்கிறார். மூவருக்கும் பெரியவர்கள் சொல்லும் அறிவுரை ஒரே சொல்தான்: 'முன்யால்'. ஃபுலானி மொழியில் அதற்குப் பொறுமை என்று பொருள். தமிழ் மாணவர்களுக்குப் பொறுமை புதிய சொல் இல்லை. திருக்குறளில் 'பொறையுடைமை' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. பொறுமை நல்ல பண்பு என்பதை இந்நாவலும் மறுக்கவில்லை. அதை யார், யாரிடம், எதற்காகக் கேட்கிறார்கள் என்பதையே அது ஆராய்கிறது. ஆசிரியரும் 17 வயதில், தம் விருப்பத்துக்கு மாறாகத் திருமணம் செய்துவைக்கப்பட்டவர். பின்னர், சிறுமிகளின் கல்விக்காக ஓர் அமைப்பைத் தொடங்கி நடத்திவருகிறார்.

பிரான்சில் வாழும் 16, 17 வயது மாணவர்கள், தங்கள் வயதையொத்த ரம்லாவின் கதையைப் படித்தார்கள். அவர்களின் தேர்வு பெரியவர்களின் தேர்விலிருந்து வேறுபட்டது. எது சரி? இரண்டு நாவல்களுமே பெரும் வரவேற்பைப் பெற்றவை. நடுவர்கள் மாறினால் அவர்கள் எடைபோடும் அளவுகோலும் மாறும் என்பதை மட்டும் இங்குத் தெளிவாகக் காணலாம்.

மாணவர் வாக்கு என்னும் எண்ணம் பிரான்சில் தோன்றியதன்று. அமெரிக்காவின் சியாட்டல் நகரில் புத்தக வணிகர் ஒருவரின் முயற்சியால் 1940ஆம் ஆண்டிலேயே இளம் வாசகர் விருது ஒன்று தொடங்கப்பட்டது. கென்சாஸ் மாநிலத்தில் 1952இல் தொடங்கப்பட்ட வில்லியம் எலன் வைட் விருதும் மூத்த விருதுகளுள் ஒன்று. அம்மாநிலத்தின் புகழ்பெற்ற செய்தித்தாள் ஆசிரியர் ஒருவரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. 1953இல் அங்குள்ள பிள்ளைகள் முதன்முதலாகத் தேர்ந்தெடுத்தது எலிசபெத் யேட்ஸ் எழுதிய நூல். ஆப்பிரிக்காவில் பிறந்து, அடிமையாக விற்கப்பட்டு, முதுமையில் தம் விடுதலையைத் தாமே பணம் கொடுத்துப் பெற்ற ஏமஸ் ஃபார்ச்சூன் என்னும் உண்மை மனிதரின் வரலாறு அது. நூலகர்கள் தேர்ந்தெடுக்கும் நியூபெரி விருதும் 1951இல் அதே நூலுக்குத்தான் கிடைத்திருந்தது. அங்கும் முதல் முறை பெரியவர்களும் பிள்ளைகளும் ஒத்துப்போனார்கள்!

கென்சாஸில் ஒரு விதி உண்டு. பட்டியலில் உள்ள நூல்களில் குறைந்தது இரண்டையாவது படித்திருந்தால்தான், அல்லது பிறர் படிக்கக் கேட்டிருந்தால்தான் வாக்களிக்கலாம். இது சிறிய விதி, ஆனால், இன்றியமையாதது. ஒரே நூலைப் படித்தவர் அதை எதனோடு ஒப்பிடுவார்? ஒன்றையும் படிக்காதவர் அட்டைப்படத்தைப் பார்த்தோ நண்பர் சொன்னதைக் கேட்டோ வாக்களிப்பார். அத்தகைய வாக்குகள் எத்தனை ஆயிரம் சேர்ந்தாலும், அந்த எழுத்தாளரின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும் என்பதைத்தான் காட்டும்.

இவ்விருதுகளைப் பற்றி ஒரு குறையும் சொல்லப்படுவதுண்டு. பட்டியலைத் தயாரிப்பவர்கள் பெரியவர்கள்தாமே? பெரியவர்கள் முன்பே வடிகட்டிய 15 நூல்களிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எப்படி மாணவர்களின் சொந்தத் தேர்வாகும்? இது நியாயமான கேள்விதான். பிரான்சில் ஒவ்வோர் ஆண்டும் இலையுதிர்காலத்தில் நூற்றுக்கணக்கான நாவல்கள் வெளிவருகின்றன. அவ்வளவையும் எந்த வகுப்பும் படிக்க முடியாது. யாரேனும் குறைத்துத்தான் தர வேண்டும். ஆயினும், குறைப்பவர் எதை விட்டுவிட்டார் என்பது மாணவர்களுக்குத் தெரியாமலே போய்விடுகிறது. சில நாடுகளில் நடைபெறும் விருதுகளில் நூல்களை முன்மொழியும் உரிமையும் பிள்ளைகளுக்குத் தரப்படுவதற்கு இதுவே காரணம்.

சிங்கப்பூரிலும் இத்தகைய முயற்சி உண்டு. இங்குள்ள அனைத்துலகப் பள்ளிகளின் நூலகர்கள் சேர்ந்து நடத்தும் 'ரெட் டாட்' புத்தக விருதில், படநூல் முதல் மூத்த மாணவர்களுக்கான நூல் வரை நான்கு பிரிவுகள் இருக்கின்றன. மாணவர்களே வாக்களிக்கிறார்கள்.

ஒரு தமிழ் வகுப்பிலும் இதைச் சிறிய அளவில் செய்து பார்க்கலாம். 15 நூல்கள் வேண்டாம். ஐந்து சிறுகதைகள் போதும். யார் அவற்றைத் தேர்ந்தெடுப்பது, ஆசிரியரா மாணவர்களா என்பதை முதலில் பேசி முடிவு செய்ய வேண்டும். எத்தனை கதைகளைப் படித்தவருக்கு வாக்குரிமை என்பதையும் முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும். வாக்குச்சீட்டில் கதையின் பெயருக்குக் கீழே, காரணம் எழுத நான்கு வரி இடம் விடலாம். காரணம் எழுதப்படாத சீட்டைச் சேர்த்து எண்ணுவதா வேண்டாமா என்பதையும் வகுப்பே முடிவு செய்யட்டும்.