வீடு தேடிப் போகும் புது சிஸ்டர்களுக்கு

பேசின் பிரிட்ஜ், புளியந்தோப்பு, வியாசர்பாடி வீடுகளில் கடைசிக் கட்டப் புற்றுநோயாளிகளைப் பார்க்கப் புதிதாகக் கிளம்பியிருக்கும் பிள்ளைகளே, இதை மனதில் வையுங்கள்.

1. பி.பி. பார்ப்பதற்கு முன்னால் வலியைக் கேளுங்கள். பத்துக்கு எத்தனை என்றால் பலருக்குப் பிடிபடாது. "ராத்திரி தூங்கினீங்களா? புரண்டு படுக்க முடியுதா?" என்று கேளுங்கள். அவர் சொல்வதுதான் வலியின் அளவு. "பொறுத்துக்கிறேம்மா" என்று சொல்லும் பெண்களிடம் இன்னொரு முறை கேளுங்கள்.

2. மார்ஃபின் என்றதும் வீட்டில் பயம் வரும். போதை மருந்து, சாகப்போகிறவருக்குத் தருவது என்பார்கள். நாள் எண்ணித் தரும் மருந்தல்ல, வலிக்குத் தரும் மருந்து என்று நிதானமாகச் சொல்லுங்கள். 1985 போதைமருந்துச் சட்டத்தின் கெடுபிடியால் இது கிடைக்காமல் எத்தனையோ பேர் துடித்தார்கள்; 2014-ல் திருத்தம் வந்த பிறகுதான் சட்டம் இளகியது. டாக்டர் எழுதிய அளவை நாலு மணிக்கொரு தரம், வலி வரும்வரை காத்திருக்காமல் தர வேண்டும். படிக்கத் தெரியாத வீட்டில் காலண்டர் அட்டையின் பின்புறம் சூரியனும் நிலாவும் வரைந்து, நேரத்துக்கு நேரம் மாத்திரையை ஒட்டிக் காட்டுங்கள். கூடவே மலமிளக்கி கட்டாயம். வயிறு கட்டிக்கொண்டால் அவரே மார்ஃபினை நிறுத்திவிடுவார். குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்கச் சொல்லுங்கள்.

3. மாவா, ஹான்ஸ் என்று புகையிலை போட்டு வாயில் புற்று வந்தவர்கள் இங்கே அதிகம். பத்துக்குப் பத்து அறையில் அந்தப் புண்ணின் வாடையைவிட, வாடையால் வரும் கூச்சம் கொடுமை. கன்னத்தைத் துளைத்து வெளியே வந்த புண்ணில், டாக்டரைக் கேட்டு, மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவினால் சில நாளில் வாடை அடங்கும். புண்ணில் ஒட்டிய பழைய துணியை உப்புநீரில் ஊறவிட்டு எடுங்கள், பிய்க்காதீர்கள். உங்கள் முகத்தையே அவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

4. வாரியக் குடியிருப்பில் மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் குடத்தில்தான் ஏறும். தினம் படுக்கைவிரிப்பை அலசுங்கள் என்று சொல்லிவிட்டு வராதீர்கள். ஐப்பசி பிறக்கும் முன்பே மருந்து இருப்பைச் சரிபாருங்கள்; மழையில் தெருவில் தண்ணீர் நின்றுவிட்டால் யாராலும் போக முடியாது.

5. "அவருகிட்ட நோயைப் பத்திச் சொல்லிடாதீங்க சிஸ்டர்" என்று வாசலிலேயே மறிப்பார்கள். கோபப்படாதீர்கள், பொய்யும் சொல்லாதீர்கள். "உங்களுக்கு என்ன தோணுது?" என்று நோயாளியிடமே கேளுங்கள். பெரும்பாலும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

6. கடைசி நாட்களில் சாப்பாடு குறைந்ததும் ஊட்டித் திணிக்க வேண்டாம், உதட்டை மட்டும் நனைக்கச் சொல்லுங்கள். தொண்டையில் கரகரப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். இதெல்லாம் வரும் என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால், நடு ராத்திரியில் பதறிப்போய் 108-ஐக் கூப்பிடுவார்கள். வீட்டில் போக ஆசைப்பட்டவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் போவார். வீட்டில் வைத்துப் பார்க்கவே முடியாதவர்களுக்கு மணலி மாத்தூரில் ஜீவோதயா என்ற கடைசிக் காலப் பராமரிப்பு இல்லம் இருக்கிறது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்திலும் வீட்டுக்கே வந்து பார்க்கும் வலி நிவாரணச் சேவை உண்டு. பகுதி சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள்.

7. காரியம் முடிந்த பின் ஒரு தரம் போங்கள். மீதி மார்ஃபினை எண்ணித் திரும்ப வாங்குங்கள். கூட இருந்து பார்த்த மகளுக்கோ மனைவிக்கோ பி.பி., சர்க்கரை பாருங்கள். பல மாதமாகத் தன் மாத்திரையை அவள் வாங்கியே இருக்க மாட்டாள்.