மேலே வெல்வெட், உள்ளே சாட்டின்

கேள்வி: பிளெண்டரில் ஒரு குறும்படம் செய்கிறேன். அதில் ராஜாவின் முதுகில் தொங்கும் நீளமான அங்கிக்கு வெளியே கருஞ்சிவப்பு வெல்வெட், உள்ளே மஞ்சள் சாட்டின். அவர் சட்டென்று திரும்பும்போது உள்பக்கம் தெரிய வேண்டும். துணிக்கு 4 மி.மீ. தடிமன் கொடுத்து, செல்ஃப் கொலிஷனையும் போட்டு ஓட்டினேன். முதல் ஃபிரேமிலேயே அங்கி நடுங்குகிறது. பிறகு பலூன் மாதிரி உப்பி, சாட்டின் வெல்வெட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. எங்கே தப்பு?
– அனிமேஷன் மாணவர், கோவை

பதில்: வரிசையில்தான் தப்பு. தடிமனை முதலில் கொடுத்துவிட்டீர்கள்.

கிளாத் சிமுலேஷனுக்குத் துணி என்பது புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் ஸ்பிரிங்குகளையும் கொண்ட வலை. உள், வெளி என்ற பேதம் அதற்குக் கிடையாது. நீங்கள் கொடுத்தது துணியே அல்ல. ஓரத்தில் மூடிய, உள்ளே காலியான ஒரு பை. அதன் இரு தாள்களுக்கும் இடைவெளி 4 மி.மீ. ஆனால் செல்ஃப் கொலிஷனில் பிளெண்டர் தானாக வைத்திருக்கும் தூரம் 15 மி.மீ. ஆகவே ஓடத் தொடங்குமுன்பே தாள்கள் மோதிக்கொண்டிருக்கின்றன. விலகு விலகு என்று ஒன்றையொன்று தள்ளுகின்றன. நடுக்கமும் உப்பலும் அதனால்தான். எடை வேறு இரட்டிப்பாகிவிட்டது, ஏனென்றால் இங்கே எடை ஒவ்வொரு வெர்டெக்ஸுக்கும் தனித்தனியாகப் போடப்படுகிறது. (மெஷ்ஷைப் பொடிப்பொடியாகப் பிரித்தாலும் துணி கனத்துப்போவது இந்தக் கூத்தால்தான்.)

ஒற்றைத் தாளாக ஓட்டுங்கள். மாடிஃபையர் அடுக்கில் கிளாத்துக்குக் கீழே சாலிடிஃபையை வையுங்கள். ஆடி முடித்த தாளுக்குத்தான் அது சதை போடும்.

அப்படியானால் கனமான துணி போல எப்படி விழும்? வளையும் விறைப்பு ஒரு தனிக் கணக்கு. உங்கள் சட்டைக் காலரைத் தொட்டுப் பாருங்கள். இரண்டு மடிப்புத் துணிக்கு நடுவே கேன்வாஸ் ஒட்டியிருப்பதால் அட்டை போல நிற்கிறது. லைனிங் வைத்த பிளவுஸிலும் துணி இரட்டைதான், ஆனாலும் குழைந்து விழுகிறது. ஒட்டிய அடுக்குகள் ஒரே பொருளாக வளைகின்றன. தடிமன் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்காகும். ஓரத்தில் மட்டும் தைத்த அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொள்வதால், இரண்டின் விறைப்பையும் கூட்டினால் போதும். உங்கள் ராஜாவுடையது இரண்டாவது வகை. பிளெண்டரின் பிரிசெட்டில் பெண்டிங் மதிப்பு பருத்திக்கு 0.5, டெனிமுக்கு 10. நானாக இருந்தால் 3-இல் ஆரம்பித்து, மடிப்பைப் பார்த்து ஏற்றி இறக்குவேன். 'தடிமனாச்சே' என்று நேராக டெனிமுக்குப் போனால் அங்கி தார்ப்பாய் ஆகிவிடும்.

இனி நிறம். ஆப்ஜெக்டின் முதல் மெட்டீரியல் ஸ்லாட்டில் வெல்வெட், இரண்டாவதில் சாட்டின். சாலிடிஃபையில் மெட்டீரியல் ஆஃப்செட்டை 1 ஆக்குங்கள், உள்பக்கம் மஞ்சளாகும். அதற்குமுன் ஃபேஸ் ஓரியன்டேஷனைப் போட்டு, அங்கியின் வெளிப்பக்கம் நீலமாகத் தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள். சிவப்பாக இருந்தால் ராஜா சாட்டினை வெளியே போட்டுக்கொண்டு உலா வருவார்.

சாலிடிஃபை சதை போடுவது உள்நோக்கித்தான். அதனால் உடம்புக்கும் துணிக்கும் உள்ள கொலிஷன் தூரம் 4 மி.மீ.க்கு மேல் இருக்க வேண்டும், இல்லையென்றால் சாட்டின் தோளுக்குள் புதையும். 6 மி.மீ. வைத்துப் பாருங்கள். இறுக்கமான மடிப்பின் உள்வளைவில் மட்டும் கொஞ்சம் இடிக்கலாம். கேமரா அங்கே போகாதென்றால் விட்டுவிடுங்கள், நாங்களெல்லாம் விட்டுவிடுகிறவர்கள்தான்.

பஞ்சு அடைத்துத் தைத்த ரஜாய் போன்றதற்கு இது போதாது. அதற்கு ஒற்றைத் தாளை ஆடவிட்டு, மேடுபள்ளமுள்ள அசல் மெஷ்ஷை சர்ஃபேஸ் டிஃபார்மால் அதோடு கட்டிவிட வேண்டும். உங்களுக்கு அந்தப் பாடு இல்லை.

சாலிடிஃபையில் மெட்டீரியல் ஆஃப்செட் இருக்கும் இடத்திலேயே ரிம் ஆஃப்செட் என்று ஒன்று இருக்கும். அதை 2 ஆக்கி, மூன்றாவது ஸ்லாட்டில் தங்க நிறம் கொடுத்தால் ஓரம் முழுக்க ஜரிகை ஓடும். ராஜா அல்லவா, வைத்துவிடுங்கள்.