தேடிப் பார்க்க வேண்டிய படம்

ஒல்லாந்து ஓவியர் ரெம்பிராண்ட் 1638இல் ஓக் பலகையில் வரைந்த ‘நல்ல சமாரியனுடன் நிலக்காட்சி’ இன்று போலந்தின் கிராகோவ் நகரில் இருக்கிறது. அகலம் ஏறத்தாழ 66 சென்ரிமீற்றர்தான்.

கதை லூக்கா சுவிசேஷத்தில் வருவது. எரிகோவுக்குப் போன ஒருவனைக் கள்வர் அடித்துப் போட்டுவிட்டனர். மதகுரு ஒருவரும் லேவியர் ஒருவரும் கண்டும் விலகிப் போயினர். யூதர்களால் வெறுக்கப்பட்ட சமாரியன் ஒருவன்தான் காயம் கட்டி, தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்தில் சேர்த்தான்.

படத்தில் அவனைத் தேடத்தான் வேண்டும். கரிய மேகம், வெயில் விழுந்த சமவெளி, பெரிய மரம் இவையே முதலில் தெரியும். பிறகுதான் பாதையில் குதிரையும், அதன்மேல் காயப்பட்டவனும், நடத்திச் செல்பவனும், மிகச் சிறிதாக. பக்கத்திலேயே ஒருவன் பறவைக்குக் குறிவைத்து நிற்கிறான்!

நம் நாட்டு டேவிட் பெயின்ரர் இதே கதையைக் கண்டி திரித்துவக் கல்லூரித் தேவாலயச் சுவரில் பெரிதாக வரைந்தார். அழகுதான். ஆனாலும் எனக்கு ரெம்பிராண்டின் சிறிய உருவங்களே உண்மைக்குக் கிட்டவாகப் படுகின்றன. கிருலப்பனையில் ஹைலெவல் வீதியோரம் மயங்கி விழுந்த மூதாட்டியை ஒரு திரீவீல் சாரதி ஏற்றிப் போனதைக் கண்டேன். எதிர்ப்புறம் பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கு அது தெரியவே இல்லை.

வகுப்பில் இந்தப் படத்தைத் தலைப்பைச் சொல்லாமல் காட்டுவேன். மாணவிகள் முதலில் சொல்வது, “மழை வரப்போகுது, ரீச்சர்.”