கடையின் வரலாற்றைக் கடைக்கு வெளியே தேடு

அன்புள்ள தம்பி,

சென்னை மவுண்ட் ரோட்டு ஸ்பென்சர் கடை பற்றி நீ எழுதி அனுப்பிய அத்தியாயங்களைப் படித்துவிட்டேன். நடை சரளமாக ஓடுகிறது. ஆனால் ‘ஆசியாவிலேயே மிகப் பெரிய கடை’ என்று பக்கத்துக்குப் பக்கம் வருகிறதே, அதை யார் அளந்து பார்த்தார்கள்? கடைக்காரர் அன்று தன் கடையைப் பற்றிச் சொல்லிக்கொண்டதை இன்று நாம் அப்படியே திருப்பிச் சொன்னால், காசு வாங்காமல் விளம்பரம் செய்கிறோம் என்றுதான் பொருள். எண்பதுக்கும் மேற்பட்ட பிரிவுகள் இருந்தன என்று எழுதிவிட்டுப் போ. வியக்க வேண்டியதை வாசகர் தாமே வியந்துகொள்வார்.

தொடக்கக் கதையையும் இழுத்திருக்கிறாய். 1863-64இல் சார்லஸ் டுராண்டும் ஜே. டபிள்யூ. ஸ்பென்சரும் மவுண்ட் ரோட்டில் தொடங்கினார்கள். பிறகு யூஜின் ஓக்ஷாட் கைக்கு வந்தது. டபிள்யூ. என். போக்சன் வரைந்து கொடுத்த இந்தோ-சாரசெனிக் கட்டடத்துக்கு 1895இல் கடை குடியேறியது. 1897இல் பங்குக் கம்பெனி ஆனது. ஒரு பக்கம் போதும். கடையை வளர்த்தவர் ஓக்ஷாட். பலகையில் கடைசிவரை நின்றது ஸ்பென்சரின் பெயர். டுராண்டை யாருக்கும் நினைவில்லை. இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோ, சோகம் பிழியாதே.

முதலாளிமார் கதையை மறுபடி எழுத நீ தேவையில்லை. எஸ். முத்தையா ஸ்பென்சரைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார். உனக்கென்று மிச்சமிருப்பது வேறு. சரக்கு எங்கிருந்து வந்தது, எவர் கைவழியாக வந்தது, விற்ற பிறகு பணம் எப்படி, எப்போது வந்துசேர்ந்தது? இந்த மூன்றையும் பின்தொடர்ந்து போனால் மவுண்ட் ரோட்டை விட்டு வெகுதூரம் போய்விடுவாய். போக வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

சுருட்டையே எடுத்துக்கொள். நீ அதற்கு ஒரே ஒரு வாக்கியம் கொடுத்திருக்கிறாய். லண்டனில் ‘டிரிச்சினாப்பலி’ என்று பெயர் வாங்கிய சுருட்டு, 1887இல் வந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையிலேயே சாம்பலாகத் தலைகாட்டுகிறது. ஸ்பென்சரின் சுருட்டுகள் திண்டுக்கல்லில் உருண்டன. அந்த ஊர்ப் பக்கத்துப் புகையிலை, அந்த ஊர்த் தொழிலாளர் கை. புகையிலையைப் பாடம் செய்தது யார், இலையை நரம்பு நீக்கியது யார், நூறு சுருட்டுக்கு என்ன கூலி, உடைந்த சுருட்டுக்கு யார் கணக்கில் பிடித்தம்? கடையின் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கியிருந்த சுருட்டைப் பற்றி எழுதும்போது இந்தக் கேள்விகள் உன் மேசைமேல் இருக்கட்டும். விடை கிடைத்த மட்டும் எழுது.

அடுத்தது கடன். அன்றைக்குத் துரைமார் வீடுகளில் பட்லர்தான் சீட்டெழுதிக்கொண்டு கடைக்குப் போவார். கணக்கு மாதக் கடைசியில் தீரும், தீராமலும் போகும். மவுண்ட் ரோட்டிலேயே இருந்த வொயிட்டவே லெயிட்லா ரொக்கத்துக்கு மட்டும்தான் விற்கும் என்று பெயரெடுத்த கடை. ஒரே சாலையில் இரண்டு விதமான வியாபார புத்தி. இதைக் கட்டட அழகு பற்றிய உன் மூன்று பக்கங்களுக்குப் பதிலாகப் போடலாம். (அந்த மூன்று பக்கங்களில் ‘கம்பீரம்’ எத்தனை தடவை வருகிறது என்று நீயே எண்ணிப் பார்.)

வெளியூர் வியாபாரம் தனிக் கதை. நீலகிரித் தோட்டத்துரையும் ஜில்லாத் தலைநகர அதிகாரியும் பட்டினத்துச் சாமானைத் தருவித்துக்கொள்ள வேண்டுமென்றால், கடைக்காரருக்குப் பணம் வந்துசேரும் என்ற நம்பிக்கை வேண்டும். இந்தியத் தபால் துறை 1877இல் வி.பி.பி. முறையைக் கொண்டுவந்தது. பார்சலைக் கொடுத்துவிட்டுப் பணத்தைத் தபால்காரர் வாங்கிக்கொள்வார். முகம் தெரியாத ஊருக்குச் சரக்கு அனுப்பும் துணிச்சல் இந்நாட்டுக் கடைகளுக்கு வந்ததில் அந்தக் காக்கிச் சட்டைக்காரருக்குப் பெரும் பங்கு உண்டு. கடை வரலாறு எழுதுகிறவர்கள் அவரைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

பழைய ரசீது ஒன்று கையில் கிடைத்தால் தலைப்பிலுள்ள முத்திரைச் சித்திரத்தை ரசித்துவிட்டுக் கீழே வைத்துவிடாதே. அடிப்பக்கம் பார். ஒரு அணா ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன் குறுக்கே கையெழுத்து ஓடியிருக்கிறதா? 1899ஆம் ஆண்டு முத்திரைச் சட்டப்படி இருபது ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கான ரசீதில் அது இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு பியூனின் மாதச் சம்பளம் இருபது ரூபாயைத் தொடாது. அந்தச் சிறு வில்லையை வைத்தே கடைக்குள் நுழைந்தவர் யார், வாசலோடு நடந்து போனவர் யார் என்று ஒரு பத்தி எழுதலாம். ஒரு பத்திதான்; அதையே அத்தியாயமாக ஊதிவிடாதே.

ரயிலை மறந்துவிட்டாய். தென்னிந்திய ரயில் நிலையங்களில் ஸ்பென்சர் உணவறைகள் நடந்தன. மவுண்ட் ரோட்டையே பார்த்திராதவர்களுக்கும் அந்தப் பெயர் தெரிந்தது அதனால்தான். பக்கத்துக் கன்னிமரா ஓட்டலும் ஓக்ஷாட் கைக்கு வந்தது. 1844இல் தொடங்கிய ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடை பிற்காலத்தில் ஸ்பென்சரின் ஜான் ஓக்ஷாட் ராபின்சனிடம் போனது. அவரிடமே ‘மெட்ராஸ் மெயில்’ பத்திரிகையும் இருந்தது. நகரம் சாப்பிட்டதும் படித்ததும் ஒரே வீட்டுக் கணக்கில் ஏறிய காலம் அது.

ஓய்வு பெற்றவர்களிடம் பேசப் போகும்போது ‘அந்தக் காலம் எப்படி இருந்தது?’ என்று தொடங்காதே. ‘அதெல்லாம் பொற்காலம் சார்’ என்பதைத் தவிர ஒன்றும் வராது. காலையில் சாவி யாரிடம் இருக்கும், மதியச் சாப்பாட்டை எங்கே உட்கார்ந்து சாப்பிட்டீர்கள், சாமான் குறைந்தால் யார் சம்பளத்தில் கை வைப்பார்கள் என்று கேள். பேச்சு தானாக வரும். குடோன்காரரையும் தேடிப் போ. கவுண்ட்டரில் நின்றவருக்கு அவர் அறிந்ததில் பாதி தெரியாது.

கடைசி அத்தியாயத்துக்கு ‘சாம்பல்’ என்று தலைப்பு வைக்கப்போவதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம். 1980களில் பழைய கட்டடம் தீக்கிரையானது உண்மை. தீ என்றதும் முற்றுப்புள்ளி வைக்கத் தோன்றும். ஆனால் அதே இடத்தில் 1991இல் ஸ்பென்சர் பிளாசா திறந்தது. முன்பு ஒரே முதலாளியின் கீழ் எண்பது பிரிவுகள். இப்போது ஒரே கூரையின் கீழ் நூற்றுக்கணக்கான முதலாளிகள். காஷ்மீர் சால்வைக் கடை, செல்போன் பழுது பார்க்கிறவர், ஏ.சி. காற்றுக்காக வந்து ஒன்றும் வாங்காமல் சுற்றிய கல்லூரிப் பிள்ளைகள். 2010இல் கொஞ்ச தூரத்தில் எக்ஸ்பிரஸ் அவென்யூ வந்தபின் கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்தது. பழைய கடைக்குள் கால் வைக்கத் தயங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் பிளாசாவில் ஷட்டர் இறக்கிய கடைகளைத் தாண்டி நடக்கிறார்கள். இதையும் எழுதாவிட்டால் உன் புத்தகம் பாதியில் நின்றுபோகும்.

தேட வேண்டிய இடங்கள்: எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அசைலம் பிரஸ் ஆல்மனாக் வரிசையைக் கேள், தெருவாரியாகக் கடைகள், கம்பெனிகளின் பெயர்கள் அதில் உண்டு. கன்னிமாரா நூலகத்தில் பழைய செய்தித்தாள். தரமணியில் ரோஜா முத்தையா நூலகத்தில் துண்டுப் பிரசுரங்களைப் பார்க்காமல் திரும்பாதே. 1897க்குப் பிறகான கம்பெனி அறிக்கைகளில் லாபக் கணக்கைவிட வாராக்கடன் வரியைத்தான் முதலில் குறித்துக்கொள்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் திண்டுக்கல்லுக்கு ஒரு பஸ் டிக்கெட் எடு. சுருட்டுத் தொழிலில் இருந்த குடும்பங்களை விசாரித்துவிட்டு வந்து, இரண்டாம் அத்தியாயத்தை அங்கிருந்தே தொடங்கி எழுதி அனுப்பு. பஸ், டீ, ஜெராக்ஸ் செலவையெல்லாம் குறித்து வை; பதிப்பாளரிடம் கேட்டுப் பார்க்கிறேன், பாதியாவது தேறும்.

அன்புடன்,
அண்ணன்