மீத்தேன் தின்னிகள்

அன்புக் கண்ணு,

நெல் வயலிலிருந்து மீத்தேன் கிளம்பிப் பூமியைச் சூடாக்குகிறது என்று பாடத்தில் படித்துவிட்டு, "அப்பிச்சி, நாம நெல்லு நடறதே தப்பா?" என்று போனில் கேட்டாய். படித்தது சரிதான். 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கிற வாயு அது. ஆனால் அது பாதிக் கதை. சேற்றில் உண்டாகும் மீத்தேன் அத்தனையும் வெளியே வருவதில்லை. அதில் கணிசமான பங்கை வயலுக்குள்ளேயே தின்று தீர்க்கிற பாக்டீரியாக்கள் உண்டு. அவற்றுக்குச் சோறே மீத்தேன்தான்.

இப்படி ஓர் உயிர் இருப்பதை 1906-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் சோன்கென் என்பவர் பிரித்தெடுத்துக் காட்டினார். சைதாப்பேட்டை வேளாண் பள்ளி நம் கோயம்புத்தூருக்கு இடம் மாறியதும் அந்தச் சமயத்தில்தான். இன்றைய வேளாண் பல்கலைக்கழகத்தின் முன்னோடி அது. அங்கே டபிள்யூ. எச். ஹாரிசன் என்ற வேதியியலாளரும் பி. ஏ. சுப்பிரமணிய ஐயரும் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டார்கள். பூமி சூடாவது அவர்கள் யோசனையிலேயே இல்லை. தண்ணீர் கட்டிய சேற்றில் பருத்தியை நட்டால் வேர் அழுகிவிடும், நெல் மட்டும் எப்படிப் பிழைக்கிறது? அவ்வளவுதான் கேள்வி.

சேற்றுக்குள் இருந்த வாயுவைப் பிடித்துச் சோதித்தார்கள். பெரும்பாலும் மீத்தேனும் நைட்ரஜனும். சேற்றின் மேற்பரப்பிலிருந்து வெளியேறுவதைப் பிடித்தால் அதில் ஆக்ஸிஜனும் நைட்ரஜனும்! நடுவில் மீத்தேன் எங்கே போனது? சேற்றின் மேல் பாலாடை மாதிரி படிந்திருக்கும் பாசிப் படலத்தில்தான் சங்கதி இருந்தது. அதிலுள்ள பாக்டீரியாக்கள் மீத்தேனை ஆக்ஸிஜனோடு சேர்த்துக் கரியமில வாயுவாக மாற்றுகின்றன. அந்தக் கரியமில வாயுவைப் பாசி வாங்கிக்கொண்டு, வெயிலில் ஆக்ஸிஜனைத் திருப்பித் தருகிறது. அதில் ஒரு பங்கு நெல் வேருக்கும் கிடைக்கிறது. 1913, 1914 ஆண்டுகளில் இதை அச்சிலேயே போட்டுவிட்டார்கள். என்னைக் கேட்டால், இந்த இருவர் பெயரும் உன் பாடப்புத்தகத்தில் இருக்க வேண்டும்.

இந்தப் பாக்டீரியாக்களின் வேலையிடம் மிகக் குறுகலானது. மீத்தேன் கீழிருந்து வர வேண்டும், காற்று மேலிருந்து வர வேண்டும். தண்ணீர் நிற்கிற சேற்றில் சில மில்லிமீட்டருக்குக் கீழே ஆக்ஸிஜனே கிடையாது. ஆகவே இரண்டும் சந்திக்கிற மெல்லிய மேலடுக்கில் ஒரு கூட்டம். இன்னொரு கூட்டம் வேரைச் சுற்றி. நெல் தண்டுக்குள் காற்றறைகள் இருக்கின்றன. இலை வழியாக இறங்கும் ஆக்ஸிஜன் வேரில் கொஞ்சம் கசியும். ஒரு நெற்பயிரைப் பிடுங்கி வேரை அலசிப் பார். சுற்றிலும் கருஞ்சேறாக இருந்தாலும் வேர்மேல் துரு நிறம் ஏறியிருக்கும். கசிந்த ஆக்ஸிஜன் மண்ணிலுள்ள இரும்பைத் துருவாக்கிய தடயம் அது. இதில் ஒரு வில்லங்கமும் உண்டு: வயலைவிட்டு வெளியேறும் மீத்தேனில் பெரும்பகுதி ஏறிப் போவதும் அதே காற்றறைகள் வழியாகத்தான்.

மீத்தேனை உடைப்பது லேசான காரியமல்ல. ஒரு கார்பனை நான்கு ஹைட்ரஜன் இறுக்கிப் பிடித்திருக்கும். தொழிற்சாலையில் அதைப் பிரிக்கப் பெரும் சூடு வேண்டும். இந்தப் பாக்டீரியாக்கள் செம்பு கலந்த ஒரு நொதியை வைத்துக்கொண்டு சாதாரண வெப்பத்திலேயே அதை மெத்தனாலாக்கி, அடுத்து ஃபார்மால்டிஹைடாக்குகின்றன. ஆய்வகத்தில் தவளையைப் பாடம் பண்ணி வைக்கும் அதே நஞ்சைக் கொண்டு தங்கள் உடம்பைக் கட்டிக்கொள்கின்றன!

புனே அகர்கர் ஆராய்ச்சி நிறுவனத்தில் மோனாலி ரஹால்கர் குழுவினர் நம் நாட்டு நெல்வயல்களிலிருந்தே இவற்றைப் பிரித்து வளர்க்கிறார்கள். அவற்றில் ஒன்று வெள்ளரிக்காய் வடிவத்தில் இருக்கும். வறட்சிக்கு உன் மாமன் வாங்கித் தெளிக்கிற பிபிஎஃப்எம் என்ற பாக்டீரியா கூட இவற்றுக்குத் தூரத்துச் சொந்தம். அது இலைமேல் உட்கார்ந்து, இலை விடும் மெத்தனாலைத் தின்னும். மீத்தேனைத் தொடாது.

நம் மானாவாரிக் காட்டையும் மறந்துவிடாதே. காய்ந்த மண்ணில் இருக்கும் இவற்றின் உறவுக்காரப் பாக்டீரியாக்கள் காற்றில் கிடக்கிற சொற்ப மீத்தேனையே இழுத்துத் தின்னும். அங்கே யூரியாவைக் கொட்டினால் அவற்றின் வேகம் குறைந்துவிடும். மீத்தேனைப் பிடிக்கிற நொதி அம்மோனியாவையும் பிடித்துக்கொண்டு தடுமாறுவதுதான் காரணம்.

ஆகவே உன் கேள்விக்குப் பதில்: நெல் நடுவது தப்பில்லை, வாய்க்காலில் தண்ணீர் வருகிறதே என்று போகம் முழுக்கக் கட்டி வைப்பதுதான் தப்பு. காற்றில்லாத சேறு மீத்தேனை உண்டாக்குகிறவற்றுக்குக் கொண்டாட்டம். காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால் அவை அடங்கும், தின்கிறவை தழைக்கும். வெளியேறுவது பாதி அளவுக்குக்கூடக் குறையும். பூக்கிற பருவத்தில் மட்டும் வயலைக் காயவிடக் கூடாது.

அடுத்த போகத்துக்கு வயலில் ஓட்டைபோட்ட குழாய் பதிக்க உன் மாமனைச் சம்மதிக்க வைத்திருக்கிறேன். அந்தக் குழாய்க்குள் பார்த்து, மண் மட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே தண்ணீர் இறங்கிய பிறகுதான் மடை திறக்க வேண்டும். அவன் அவசரக்காரன். லீவுக்கு வரும்போது ஸ்கேலும் நோட்டும் கொண்டு வா. தினமும் அளந்து எழுதும் பொறுப்பு உன்னுடையது.

அன்புடன்,
அப்பிச்சி