மூன்றாம் இசைத்தட்டு

படைப்பாளர் ஒருவரின் முதல் நூலைப் பற்றி மிகுதியாகப் பேசுகிறோம். அவர் மறைந்தபின் இறுதி நூலைப் பற்றியும் பேசுகிறோம். இடையில் மூன்றாவதாக வந்தது எது என்று கேட்டால் வகுப்பறையில் விடை எளிதில் கிடைப்பதில்லை. மேலைநாட்டு இசையுலகில் நிலைமை வேறு. அங்கு ஒரு கலைஞரின் மூன்றாம் இசைத்தட்டை ஆர்வலரும் திறனாய்வாளரும் வணிகரும் ஒருசேர எதிர்நோக்குவர். அதன் காரணத்தைச் சில சான்றுகள் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் 'ஆல்பம்' என்னும் சொல்லைக் காண்போம். நிமிடத்திற்கு 78 முறை சுழன்ற பழைய தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று அல்லது நான்கு நிமிட ஒலியே அடங்கும். ஆகவே நீண்ட இசையைப் பல தட்டுகளில் பதித்து, உறைகளில் இட்டு, புத்தகம்போல் கட்டி விற்றனர். நிழற்படம் ஒட்டும் ஏட்டை ஒத்திருந்தமையால் அக்கட்டு ஆல்பம் எனப்பட்டது. 1948இல் கொலம்பியா நிறுவனம் நெடுநேரத் தட்டை வெளியிட்டபோது ஒரு பக்கத்திலேயே இருபது நிமிடங்களுக்கு மேல் அடங்கிற்று. கட்டு மறைந்தது, பெயர் நிலைத்தது. ஒலிநாடா, குறுந்தகடு, இன்றைய கைப்பேசி என ஊடகம் மாறியும் அப்பெயர் மாறவில்லை. சொல் தன் பொருளை இழந்தும் வாழும் என்று மொழியியல் வகுப்பில் கூறுவதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

இனி மூன்றாவது என்னும் எண்ணுக்கு வருவோம். ஒரு பாடகரின் முதல் தட்டில் இருப்பவை அவர் இளமை முழுவதும் எழுதிச் சேர்த்த பாடல்கள். இரண்டாம் தட்டுக்கு அத்தகைய கால அவகாசம் இல்லை. ஊர் ஊராகச் சென்று பாடும் பயணத்திற்கிடையே, நிறுவனத்தின் நெருக்குதலுக்கு உட்பட்டு, ஓராண்டுக்குள்ளாகவே அதனை முடிக்க வேண்டியிருக்கும். முன்பணம் கொடுத்த நிறுவனம் இரண்டு தட்டுகள் வரை பொறுத்திருக்கும். அதன்பின் கணக்கேட்டைப் புரட்டும். ஆகவே சேமிப்பும் தீர்ந்து, பொறுமையும் தீர்ந்த வேளையில் உருவாவது மூன்றாம் தட்டு.

இதற்குத் தலையாய சான்று அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். 1973ஆம் ஆண்டிலேயே அவருடைய இரண்டு தட்டுகள் வெளிவந்தன. திறனாய்வாளர் பாராட்டினர், மக்கள் வாங்கவில்லை. அவரை விட்டுவிடலாமா என்னும் பேச்சு நிறுவனத்திற்குள் எழுந்தது. அந்நிலையில் 'பார்ன் டு ரன்' என்னும் ஒரே பாடலைப் பதிவு செய்ய அவர் ஏறத்தாழ ஆறு மாதம் எடுத்துக்கொண்டார். கடன்பட்டவன் விரைந்து உழைப்பான் என்பது உலக வழக்கு. இவரோ மேலும் மெதுவானார். தட்டு முழுவதும் முடிய ஓராண்டுக்கு மேலாயிற்று. முடிந்தபின்னும் நிறைவு கொள்ளாது, மாதிரித் தட்டை விடுதியின் நீச்சற் குளத்தில் எறிந்தார் என்பர். 1975 ஆகஸ்டில் அது வெளியானபோது அதில் இருந்தவை எட்டே பாடல்கள். அவ்வாண்டு அக்டோபரில் 'டைம்', 'நியூஸ்வீக்' ஆகிய இரு இதழ்களும் ஒரே வாரத்தில் அவர் படத்தை அட்டையில் தாங்கி வந்தன.

எல்லோர்க்கும் மூன்றாவது தட்டு வாழ்வா சாவா என்னும் போராட்டமன்று. 1964இல் வெளிவந்த இரு தட்டுகளை இவ்விடத்து நோக்குதல் தகும். பாப் டிலனின் முதல் தட்டில் இருந்த பதின்மூன்று பாடல்களுள் இரண்டே அவர் இயற்றியவை. மூன்றாவதான 'தி டைம்ஸ் தே ஆர் எ-சேஞ்சின்' தட்டில் பத்தும் அவருடையவை. இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவினர் முதலிரு தட்டுகளிலும் பதினான்கில் எட்டுப் பாடல்களையே தாமாக இயற்றினர். 'எ ஹார்ட் டேய்ஸ் நைட்' என்னும் மூன்றாவதில் பதின்மூன்றும் லெனன், மக்கார்ட்னி இருவரும் ஆக்கியவை. பிறர் பாட்டைப் பாடிப் பழகிய குரல், தன் பாட்டிலேயே நிற்கத் துணிந்த இடம் இருவர்க்கும் மூன்றாவதாக அமைந்தது வியப்பளிக்கிறது. (பீட்டில்ஸ் தட்டுகள் அமெரிக்காவில் வேறு வரிசையில், வேறு பெயர்களில் வந்தன. அங்கு எண்ணினால் கணக்கு மாறும். பதிப்பாய்வு செய்வோர்க்கு இத்தொல்லை புதிதன்று.)

இசைவகை மாறினும் இப்போக்கைக் காணலாம். லெட் செப்பலின் குழுவினர் 1969இல் பேரொலி கொண்ட இரு தட்டுகளால் புகழ் பெற்றனர். பின் அக்குழுவின் இருவர் மின்வசதியற்ற வேல்ஸ் நாட்டுக் குடிலொன்றில் தங்கி, மூன்றாம் தட்டுக்கு மென்மையான பாடல்களைக் கொண்டுவந்தனர். ஜாஸ் இசையில் பியானோ கலைஞர் பில் எவன்ஸ் 1959 டிசம்பரில் பதிவு செய்த 'போர்ட்ரெய்ட் இன் ஜாஸ்' அவருக்கு மூன்றாவது. சொல்லிசையில் கென்ட்ரிக் லமார் 2015இல் தந்த மூன்றாவது, ஜாஸ் கலைஞரைத் துணைக்கழைத்தது. பிரிஸ்டல் நகரின் போர்ட்டிஸ்ஹெட் குழு, இரண்டாம் தட்டுக்குப்பின் பதினோர் ஆண்டு வாளாவிருந்து, 2008இல் வெளியிட்ட தட்டுக்கு 'மூன்றாவது' என்றே பெயரிட்டது. வேறு பெயர் தோன்றவில்லை போலும்!

ஆயினும் இவ்வாய்வில் இக்கட்டுரையாளரை நெடுநேரம் நிறுத்தி வைத்தவர்கள் இருவர். இருவரும் 1948ஆம் ஆண்டின் கோடையில், ஒரு மாத இடைவெளியில் பிறந்தவர்கள். இருவர் மூன்றாம் தட்டையும் வெளியிட்டது ஐலண்டு என்னும் ஒரே நிறுவனம்.

முன்னவர் கேட் ஸ்டீவன்ஸ். சைப்ரஸ் நாட்டுக் கிரேக்கத் தந்தைக்கும் சுவீடன் நாட்டுத் தாய்க்கும் இலண்டனில் பிறந்தவர். பெற்றோர் உணவகம் நடத்தினர். 1967இல் வெளிவந்த இரு தட்டுகளும் வேறொரு நிறுவனத்தினுடையவை. முதலாவது வென்றது, இரண்டாவது வீழ்ந்தது. தம் பாடல்களின்மீது கனத்த வாத்தியக் கோவைகளை ஏற்றியது அவருக்கு உவப்பாக இல்லை. இந்நிலையில் காசநோய் கண்டது. மிட்ஹர்ஸ்ட் என்னும் ஊரின் மருத்துவமனையில் மாதக்கணக்கில் படுத்திருந்தார். புகழின் வாயிலில் நின்ற இருபது வயது இளைஞன், தான் பிழைப்போமா என்று எண்ணிக் கிடந்த காலம் அது. சமயநூல்களைப் படித்ததும், தன்னையே வினவிக்கொண்டதும், ஏறத்தாழ நாற்பது பாடல்களை எழுதியதும் அந்நோய்க்காலத்திலும் அதன் பின்னான ஓய்விலுமே. 1970இல் வந்த 'மோனா போன் ஜாக்கன்' என்னும் மூன்றாம் தட்டில் வாத்தியக் கூட்டம் இல்லை. கிதாரும் குரலும் அவற்றுக்குச் சிறு துணையுமே உள. அட்டையில் கண்ணீர் வடிக்கும் குப்பைத் தொட்டியொன்றை அவரே வரைந்தார்.

அவர் 1977இல் இஸ்லாத்தைத் தழுவியதும், யூசுஃப் இஸ்லாம் எனப் பெயர் கொண்டதும், இசையை நீங்கி 1983இல் இலண்டனில் இஸ்லாமியாப் பள்ளியை நிறுவியதும் நம் பெரியோர் பலரும் அறிந்தவையே. 1998இல் அப்பள்ளி பிரித்தானிய அரசின் நிதியுதவியைப் பெற்றது. இசை பற்றிய மார்க்க விவாதம் இக்கட்டுரையின் எல்லைக்குள் வாராது. ஆனால் அவர் தேடல் 1977இல் திடீரெனத் தொடங்கியதன்று. அதன் முதற் குரல் மூன்றாம் தட்டிலேயே கேட்கிறது என்பது என் துணிபு.

பின்னவர் நிக் டிரேக், இரங்கூனில் பிறந்த ஆங்கிலேயர். 1969இலும் 1971இலும் வந்த இரு தட்டுகளும் இனிய தந்தி வாத்தியங்களோடு அழகுற அமைந்தவை, விற்கவில்லை. கூட்டத்தின் முன் பாடவே கூசிய அவர் மனச்சோர்வில் ஆழ்ந்தார். 1971 அக்டோபரில், இரண்டே இரவுகளில், ஒலிப்பதிவாளர் ஒருவர் மட்டும் உடனிருக்க, 'பிங்க் மூன்' என்னும் மூன்றாம் தட்டைப் பதித்தார். பதினொரு பாடல்கள், இருபத்தெட்டு நிமிடங்கள். ஸ்பிரிங்ஸ்டீனின் ஆறு மாதத்தையும் இவ்விரண்டு இரவுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், கலைக்கு இத்தனை நாள் வேண்டும் என்று எவரும் அளவுகோல் வகுக்க இயலாது என்பது விளங்கும்.

1972 பிப்ரவரியில் வந்த அத்தட்டையும் மக்கள் வாங்கவில்லை. ஸ்டீவன்ஸுக்கு மூன்றாவது ஒரு திறப்பு. அதே ஆண்டின் இறுதியிலேயே நான்காவதும் வந்து உலகெங்கும் பரவிற்று. டிரேக்குக்கோ நான்காவது இல்லை. 1974 நவம்பரில், தம் பெற்றோர் இல்லத்தில், இருபத்தாறாம் வயதில் மறைந்தார். கால் நூற்றாண்டு கழித்து மகிழுந்து விளம்பரமொன்றில் அத்தட்டின் முதற் பாடல் ஒலித்தபோதுதான் அமெரிக்க இளைஞர் பலர் யார் இவர் என்று கேட்டுக் கடைகளுக்குச் சென்றனர். தட்டு முழுவதிலும் குரலுக்குத் துணை கிதார் ஒன்றே. அந்த முதற் பாடலில் மட்டும் சிறிது பியானோ சேரும். அதை வாசித்தவரும் அவரே.