கைவண்ணம் சேர்த்த அச்சுப்படம் வாங்கும்போது

நார்வே ஓவியர் எட்வர்ட் மூங்க் 1895இல் ‘மடோனா’வைக் கறுப்பு மையில் கல்லச்சாக அச்சிட்டார். அதன் படிகள் சிலவற்றுக்குத் தன் கையாலேயே வண்ணம் தீட்டினார். நிறத்துக்கெனத் தனிக் கற்கள் சேர்த்து அச்சிட்டது 1902இல்தான். தீட்டிய படிகளெல்லாம் ஒரே கல்லில் பிறந்தவை. ஆனால் ஒன்றின் முகபாவம் இன்னொன்றில் இல்லை. கைவண்ணம் என்ற பெயரில் இன்று விற்பனைக்கு வரும் எதையும் நான் இதோடு வைத்துத்தான் எடைபோடுவேன்.

செய்ய வேண்டியவை

• ஒரே பதிப்பின் இரண்டு மூன்று படிகளைக் கேட்டு வாங்கி, அருகருகே வைத்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் அதே இடத்தில் அதே தீற்றல் இருந்தால் அது அலங்காரம் மட்டுமே. நிறம் மாறும்போது படத்தின் மனநிலையும் மாற வேண்டும்.

• உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டுபோங்கள். இங்க்ஜெட் அச்சில் நிறம் பொடிப் புள்ளிகளாகச் சிதறிக் கிடக்கும். தூரிகையால் தீட்டிய நீர்வண்ணம் காகித இழைக்குள் ஊறி, ஓரங்களில் சற்றே அடர்ந்திருக்கும். பிறகு படத்தைச் சாய்த்துப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள். நிறமற்ற ஜெல்லை மேலே பூசித் தூரிகைத் தடம் போலக் காட்டுவதுண்டு. அந்தத் தடம் கன்னத்தின் வளைவையோ கூந்தலின் ஓட்டத்தையோ பொருட்படுத்தாமல் குறுக்கே போனால், ஓவியரின் சிந்தனை அதில் இல்லை. அதற்குக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

• தீட்டியது ஓவியரா, உதவியாளரா? எழுத்தில் வாங்குங்கள். படியின் எண்ணோடு ‘ஈ.வி.’ என்றிருந்தால், படிக்குப் படி மாறும் பதிப்பு என்று பொருள்.

செய்யக்கூடாதவை

• வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். கல்லச்சின் கறுப்பு மை எளிதில் வெளுக்காது. மேலே தீட்டிய நீர்வண்ணம் வெளுத்துவிடும். எந்த நிறத்துக்காக அந்தப் படியை விரும்பி வாங்கினீர்களோ, அதுதான் முதலில் போகும். காகிதப் படைப்புகளுக்கு அருங்காட்சியகங்கள் 50 லக்ஸ் அளவு வெளிச்சமே வைப்பது இதனால்தான்.

• ஈரத் துணியால் துடைக்காதீர்கள்.

• சட்டகத்தின் கண்ணாடி வண்ணத்தைத் தொட விடாதீர்கள். இடையில் அமிலமற்ற மவுண்ட் அட்டை வேண்டும். லேமினேஷனும் கூடாது, பசையிட்டு அட்டையில் ஒட்டுவதும் கூடாது.

• சட்டகத்துக்கு அடங்கவில்லை என்று ஓரத்தை வெட்ட ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். பென்சில் கையொப்பமும் எண்ணும் பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான் இருக்கும். சட்டகத்தைப் பெரிதாகச் செய்யச் சொல்லுங்கள்.